பனிக்காலமும் புரவியின் தோலும்

பரி, புரவி, இவுளி, மா எனப் பல பெயர்களால் தமிழ் அழைத்த விலங்கு குதிரை. அதன் விரைவையும் நடையழகையும் புலவர் பாடினர். அதன் தோலைக் குறித்துக் கவலையுற்றோர், அதனை நாள்தோறும் தேய்த்துத் துடைத்த பணியாளர் மட்டுமே. குளிர்காலத்தில் குதிரையின் உடலில் தோன்றும் வறட்சி, தினவு, பொடுகு ஆகியவை எதனால் உண்டாகின்றன, எவ்வாறு நீக்கப்படுகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

மார்கழி பிறந்ததும் பஞ்சாப், அரியானா, உத்தரப்பிரதேசத்தின் மேற்குப் பகுதி ஆகிய சமவெளிகளில் மூடுபனி இறங்குகிறது. சனவரி மாதத்து விடியலில் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ் அளவுக்குத் தாழ்வது அங்கு வியப்பன்று. செங்கற்சூளைகளில் வேலை நடைபெறும் பருவம் அது. திருமணங்கள் மிகுந்து நடைபெறும் பருவமும் அதுவே. சூளைகளில் பச்சைச் செங்கற்களை ஏற்றிய வண்டிகளைக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இழுக்கின்றன. மணமகனைச் சுமந்து ஊர்வலம் செல்வதற்கு வெண்ணிறப் பெண்குதிரைகள் அணிசெய்யப்படுகின்றன. இக்குதிரைகளை வளர்ப்போருள் பெரும்பாலோர் ஒன்றிரண்டு விலங்குகளை மட்டுமே உடையவர்கள். குதிரையின் முதுகில் புண் ஏற்பட்டுச் சேணம் பூட்ட இயலாது போனால், அன்றைய அடுப்பு எரிவதும் ஐயத்திற்கு உள்ளாகும்.

அத்தகைய புண் பெரும்பாலும் சிறிய அளவிலேயே தொடங்குகிறது. குதிரை தன் கழுத்தைக் கம்பத்தில் உரசுகிறது. தன் விலாவைத் தானே கடிக்க முயல்கிறது. பிடரிமயிரை விலக்கிப் பார்த்தால் சாம்பல் தூவியதுபோல் வெண்துகள்கள் படிந்துள்ளன. மயிரின் பளபளப்பு மங்கியிருக்கிறது. இதனைக் காணும் உரிமையாளர் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று: சோப்பிட்டு நன்றாகக் குளிப்பாட்டுகிறார், அல்லது கடுகெண்ணெயைக் கைநிறைய எடுத்து உடலெங்கும் பூசுகிறார். அன்பினால் செய்யப்படும் இவ்விரு செயல்களும் குளிர்காலத்தில் நன்மையைவிடத் தீமையையே மிகுதியாகச் செய்கின்றன. அதன் காரணத்தை அறியத் தோலின் அமைப்பை முதலில் அறிதல் வேண்டும்.

தோலும் அதன் நெய்யும்

குதிரையின் தோல் இடத்திற்கேற்ப ஒரு மில்லிமீட்டர் முதல் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் வரை தடிப்புடையது. நெற்றியிலும் பிடரியிலும் வாலின் அடியிலும் அது தடித்திருக்கும். கண்ணையும் வாயையும் சுற்றி மெலிந்திருக்கும். தடித்த தோல் உணர்ச்சியற்றது எனக் கருதுதல் தவறு. விலாவில் ஓர் ஈ வந்து அமர்ந்தால், அவ்விடத்துத் தோலை மட்டும் துடிக்கச் செய்து குதிரை அதனை விரட்டிவிடும். தோலை ஒட்டிப் பரந்துள்ள மெல்லிய தசைப்படலமே அத்துடிப்பைத் தருகிறது. ஓர் ஈயின் எடையை உணரும் உடலுக்கு, வாரக்கணக்கில் நீடிக்கும் தினவு எத்துணைத் துன்பம் தரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

மேல்தோலின் அடிப்பகுதியில் புதிய செல்கள் ஓயாது தோன்றிக்கொண்டே இருக்கின்றன. அவை மேல்நோக்கி நகரும்போது கெராட்டின் என்னும் புரதத்தால் நிறைந்து, தட்டையாகி, இறந்து, இறுதியில் உதிர்கின்றன. நலமான தோலில் இவை கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். செல்கள் தோன்றும் விரைவு மிகுந்தாலோ, அவை பிரியாமல் ஒட்டிக்கொண்டு கூட்டமாக உதிர்ந்தாலோ நாம் அவற்றைச் செதில்களாகக் காண்கிறோம். அச்செதில்களையே பொடுகு என்கிறோம். அஃதாவது, பொடுகு புதிதாக வந்து சேர்ந்த பொருளன்று. ஒழுங்கு தவறி உதிரும் தோலே ஆகும்.

ஒவ்வொரு மயிர்க்காலின் அருகிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் நெய் தோலின்மீதும் மயிரின்மீதும் மெல்லிய படலமாகப் பரவுகிறது. இப்படலம் தோலின் ஈரம் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது. மழைநீரை உள்ளே விடாமல் வழிந்தோடச் செய்கிறது. நுண்ணுயிரிகள் எல்லை மீறிப் பெருகாமலும் காக்கிறது. நலமான குதிரையின் உடல் மின்னுவதற்கும் அந்நெய்யே காரணம். வியர்வைச் சுரப்பிகளும் குதிரைக்கு உடலெங்கும் உண்டு. குதிரையின் வியர்வையில் லேதரின் என்னும் புரதம் கலந்திருப்பதால் அது நுரைக்கிறது. நெய்பூசிய மயிரை நனைத்து, வியர்வை விரைந்து பரவி உலர்வதற்கு இந்நுரை துணைசெய்கிறது. வேலை முடிந்ததும் சேணத்தின் கீழே வெண்ணுரை படிந்திருப்பது இதனால்தான். அது காய்ந்து உப்பாகத் தோலில் தங்கிவிட்டால் அரிப்பு உண்டாகும்.

குளிர் வந்த பின்னரே குதிரைக்கு மயிர் அடர்கிறது என்பது பலரின் எண்ணம். உண்மையில் பகற்பொழுதின் நீளமே அதனை முடிவு செய்கிறது. சூன் மாத இறுதிக்குப் பின் பகல் குறையத் தொடங்குகிறது. மூளையிலுள்ள பினியல் சுரப்பி இம்மாற்றத்தை உணர்ந்து, இரவில் சுரக்கும் மெலடோனின் வழியாக உடலுக்குச் செய்தி அனுப்புகிறது. வெயில் இன்னும் தணியாத ஆகத்து, செப்டம்பர் மாதங்களிலேயே குளிர்கால மயிர் உள்ளே முளைக்கத் தொடங்கிவிடும். கடுங்குளிரில் அம்மயிர் சிலிர்த்து நின்று, இடையிடையே காற்றைச் சிறைப்படுத்தி வைக்கும். சிறைப்பட்ட அக்காற்றே குதிரையின் இயற்கையான கம்பளி. பனி பொழியும் நாடுகளில், குதிரையின் முதுகில் விழுந்த பனி உருகாமல் அப்படியே கிடப்பதைக் காணலாம். உடலின் வெப்பம் வெளியேறவில்லை என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இலடாக்கின் சான்சுகர்ப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சான்சுகாரிக் குதிரைகள் இத்தகைய அடர்ந்த மயிரைக் கொண்டே அங்குள்ள கொடிய குளிர்காலத்தைக் கடக்கின்றன. குளிருக்குப் பழகி, நல்ல உணவு பெறும் வளர்ந்த குதிரை, சுழியத்திற்குக் கீழ் 15 டிகிரி செல்சியஸ் வரையிலும் தன் வெப்பத்தைப் பெருமுயற்சியின்றிக் காத்துக்கொள்ளும்.

இப்போது சோப்பும் கடுகெண்ணெயும் செய்யும் தீமை விளங்கும். சோப்பு அந்த நெய்ப்படலத்தைக் கரைத்து அகற்றிவிடுகிறது. மிகுதியாகப் பூசிய எண்ணெயோ மயிரை ஒட்டவைத்துப் படியச் செய்கிறது. சிறைப்பட வேண்டிய காற்றுக்கு இடமில்லாது போகிறது. எண்ணெயில் தூசியும் வந்து ஒட்டிக்கொள்கிறது. மேலே மினுமினுப்புத் தோன்றினாலும் உள்ளே குதிரை நடுங்கும்.

மூடுபனியிலும் வறட்சி

காற்று முழுவதும் ஈரமாக இருக்கும் மூடுபனிக் காலத்தில் தோல் எவ்வாறு வறள்கிறது என்னும் வினா எழலாம். காற்று தாங்கக்கூடிய நீராவியின் அளவு வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் அது 17 கிராமாகக் குறையும். 5 டிகிரியில் 7 கிராம் அளவே. எனவே மூடுபனியில் காற்று நிறைவுற்றதாகத் தோன்றினாலும், அதில் உள்ள நீராவி மிகக் குறைவு. அக்குளிர்ந்த காற்று குதிரையின் வெதுவெதுப்பான தோலை நெருங்கிச் சூடாகும்போது, இன்னும் பன்மடங்கு ஈரத்தைத் தாங்கும் ஆற்றலைப் பெறுகிறது. அந்த ஈரத்தை அது தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் நம் உதடுகள் வெடிப்பதற்கும் இதுவே காரணம். கதவடைத்து, நெருப்பு மூட்டிச் சூடாக்கிய கொட்டிலில் வறட்சி இன்னும் மிகும்.

இதனுடன் வேறு சில நிலைகளும் சேர்கின்றன. வெயிற்காலத்தில் பசும்புல் மேய்ந்த குதிரை இப்போது உலர்புல்லைத் தின்கிறது. தண்ணீர் சில்லிட்டிருப்பதால் குறைவாகக் குடிக்கிறது. குளிருக்கு அஞ்சும் பணியாளர் தேய்த்துத் துடைக்கும் வேலையைச் சுருக்கிக்கொள்கிறார். ஒரே போர்வை இரவும் பகலும் கழற்றப்படாமல் கிடக்கிறது. இவற்றுள் எந்த ஒன்றும் தனியே பெருந்தீங்கு செய்வதில்லை. எல்லாம் ஒருசேர வரும்போது தோல் தோற்றுவிடுகிறது.

கழுவுமுன் காண்க

வறட்சியால் வரும் பொடுகு எளிதில் தீரக்கூடியது. ஆயினும் எல்லாப் பொடுகும் வறட்சியால் வருவதன்று. பொடுகு ஓர் அறிகுறியே. அதன் பின்னே ஒட்டுண்ணியோ பூஞ்சையோ பாக்டீரியாவோ இருக்கலாம். அவற்றுள் சில, பக்கத்துக் கொட்டிலுக்குப் பரவும். சில மனிதருக்கும் தொற்றும். ஆகவே மருந்தைத் தேடுமுன் மயிரை விலக்கி, பகல் வெளிச்சத்தில், உடல் முழுவதையும் பார்த்தல் இன்றியமையாதது.

முதலில் ஐயுற வேண்டியது பேன். மயிர் அடர்ந்து, குதிரைகள் நெருங்கி நிற்கும் குளிர்காலமே பேன்கள் பெருகும் காலம். குதிரைப்பேன் இருவகைப்படும். ஒருவகை தோலின் செதில்களைத் தின்னும்; மற்றொருவகை குருதியை உறிஞ்சும். கழுத்திலும் பிடரியிலும் வாலின் அடியிலும் மயிரை விலக்கி உற்றுநோக்கினால் ஊர்ந்து செல்லும் பேன்களும், மயிரோடு ஒட்டிய ஈர்களும் தெரியும். இப்பேன்கள் மனிதரின்மேல் வாழ்வதில்லை. ஆயினும் ஒரு குதிரையிடமிருந்து மற்றொன்றுக்கு எளிதில் பரவுகின்றன. மருந்து பேனைக் கொல்லுமேயன்றி ஈரை அழிப்பதில்லை. எனவே ஈர்கள் பொரிந்து வரும் காலத்தைக் கணக்கிட்டு, ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்குப்பின் மீண்டும் மருந்திடுவர். இரண்டாம் முறையைக் கைவிட்டவர்கள், மருந்து பயனற்றது என்று குறைகூறுவது வழக்கம்.

மயிர் வட்டவட்டமாக உதிர்ந்து, அவ்விடம் சாம்பல்நிறச் செதில்களுடன் காணப்பட்டால் அது படர்தாமரையாக இருக்கக்கூடும். இது பூஞ்சையால் வருவது. சேணம், தூரிகை, போர்வை ஆகியவற்றின் வழியாகப் பரவுவது. குதிரையைத் தொடுவோருக்கும் தொற்றக்கூடியது. அதன் வித்துகள் கொட்டிலின் மரச்சட்டங்களில் நெடுநாள் உயிர்த்திருக்கும். இந்நிலையில் குதிரையைத் தூரிகையால் அழுத்தித் தேய்த்தல், நோயை உடல் முழுவதும் விதைப்பதற்கு ஒப்பாகும்.

தொடர்ந்து நனையும் குதிரைகளின் முதுகில் வேறொரு நோய் தோன்றுகிறது. மழைநீர் வழிந்தோடும் தடத்திலேயே பொருக்குகள் கட்டுகின்றன. ஒரு பொருக்கைப் பெயர்த்தால், அதனுடன் மயிர்க்கற்றையும் தூரிகை முனைபோல் சேர்ந்து வருகிறது. இது ஒருவகைப் பாக்டீரியாவின் செயல். இதற்கு எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு நோய் வளரும். உலரச் செய்தலே முதல் மருத்துவம்.

அரிப்பு எழும் இடமும் காலமும் நமக்கு வழிகாட்டும். கால்களில் அடர்ந்த மயிருள்ள ஐரோப்பியக் கனரகக் குதிரைகள் குளிர்காலத்தில் ஓயாது காலை உதைத்துக்கொண்டால், கால்மயிரில் சொறிப்பூச்சி உள்ளதா எனத் தேடுவர். வாலை மட்டும் உரசும் குதிரைக்குக் குடற்புழு இருக்கலாம். கோடையில் வாட்டி, குளிர்காலத்தில் தானே தணியும் அரிப்பு, கடிக்கும் சிறு ஈக்களால் வரும் ஒவ்வாமையாக இருத்தல் கூடும். முதிய குதிரையின் மயிர் கோடையிலும் உதிராமல் நீண்டு சுருண்டு கிடந்தால், குறை தோலில் இல்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் உள்ளது.

ஒன்றை மட்டும் தனித்துச் சொல்லுதல் வேண்டும். தோலில் முடிச்சுகள் வரிசையாகத் தோன்றி, உடைந்து, சீழ் வடிந்தால் அது பொடுகோடு தொடர்புடையதன்று. கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோயாக இருக்கலாம். மனிதரையும் தாக்கும் அந்நோயைக் குறித்து அரசுக் கால்நடை மருத்துவருக்கு உடனே அறிவித்தல் சட்டப்படியான கடமை. அரியானாவின் ஹிசார் நகரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இத்தகைய நோய்களைக் கண்டறியும் பணியில் ஈடுபட்டுள்ளது.

தேய்த்தலின் பயன்

நோய்கள் எவையும் இல்லை என்று தெளிந்தபின், வறண்ட தோலுக்குச் சிறந்த மருந்து நாள்தோறும் தேய்த்தலே. பற்களையுடைய ரப்பர்த் தேய்ப்பானைச் சிறு வட்டங்களாகச் சுழற்றினால், ஒட்டியிருந்த செதில்களும் காய்ந்த வியர்வையும் மேலே கிளம்பும். அவற்றை விறைப்பான தூரிகையால் மயிரின் போக்கிலேயே தட்டி அகற்றுவர். இறுதியில் மென்மையான தூரிகையை நீளமாக இழுப்பர். இவ்வாறு செய்யும்போது தோலில் குருதியோட்டம் மிகுகிறது. மயிரடியிலுள்ள நெய் மயிரின் நுனிவரை பரவுகிறது. புட்டியில் வாங்கும் எந்த எண்ணெயும் இந்நெய்க்கு ஈடாகாது. எலும்பு துருத்தியிருக்கும் முகத்திலும் முழங்காலுக்குக் கீழும் ரப்பர்த் தேய்ப்பானை அழுத்துதல் கூடாது. துணியே போதும்.

இவ்வறிவு புதிதன்று. கி.மு. நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்கப் படைத்தலைவர் செனபோன், குதிரையேற்றம் குறித்துத் தாம் எழுதிய நூலில் இதனைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். முதுகெலும்பின் மேலுள்ள மயிரைக் கருவிகளால் தொடாமல், அது வளரும் திசையிலேயே கையால் நீவ வேண்டும் என்கிறார். தலையைத் தண்ணீரால் கழுவலாம் என்று சொல்லும் அவர், கால்களை நாள்தோறும் கழுவுதல் குளம்புக்குக் கேடு என எச்சரிக்கிறார். இருபத்து மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் அவருடைய சொல்லில் திருத்துவதற்கு மிகுதியாக ஒன்றுமில்லை.

தேய்த்தலிலும் ஓர் அளவு உண்டு. இரவும் பகலும் திறந்த வெளியில் நிற்கும் குதிரையின் மயிரை நாள்தோறும் பட்டுப்போல் துலக்கினால், மழையைத் தடுக்கும் நெய் குறைந்துவிடும். அதற்குச் சேற்றை நீக்கி, உடலைத் தடவிப் பார்த்தாலே போதும். கொட்டிலில் நின்று, போர்வை அணிந்து, வேலை செய்யும் குதிரைக்கே முழுமையான தேய்ப்பு வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் தனித் தூரிகை இருத்தல் நன்று. ஒரே தூரிகையைக் கொட்டில் முழுவதும் பயன்படுத்துவது சிக்கனம்போல் தோன்றும். படர்தாமரை வந்தபின் அதன் செலவு தெரியும்.

நீராட்டும் போர்வையும்

திருமண ஊர்வலத்திற்குச் செல்லும் வெண்குதிரையைக் குளிப்பாட்டாமல் அனுப்ப இயலுமா என்று கேட்கலாம். இயலும். வெந்நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துண்டால் கறைபடிந்த இடங்களை மட்டும் மயிரின் போக்கில் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்தால் குதிரை தூய்மையாகும், நெய்ப்படலமும் குலையாது. முழு நீராட்டு தவிர்க்க முடியாததாயின், வெயில் ஏறிய நண்பகலில், காற்றில்லாத இடத்தில் செய்தல் வேண்டும். குதிரைக்கென்றே செய்யப்பட்ட மென்மையான ஷாம்புவைச் சிறிதளவே இட்டு, நுரை முழுவதும் நீங்கும்வரை அலச வேண்டும். மனிதத் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்பச் செய்த ஷாம்பு குதிரைக்குப் பொருந்தாது. அலசாமல் எஞ்சிய சோப்பே காய்ந்து பொடுகுபோல் உதிர்வதும் உண்டு!

போர்வை குதிரைக்கு நன்மை செய்வது, அது கழற்றப்படும்போதுதான் எனலாம். நாளுக்கு ஒரு முறையேனும் அதனைக் கழற்றி, தோள்முகட்டிலும் மார்பிலும் உராய்வுப் புண் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். வியர்த்த குதிரையின்மீது நேராகப் போர்வையிட்டு விடுதல் பெருந்தவறு. சூளையிலிருந்து திரும்பிய குதிரையைச் சிறிது தொலைவு மெதுவாக நடத்தி, வைக்கோல் திரளால் தேய்த்து உலர்த்தி, அதன்பின் போர்த்துவர். அடர்ந்த மயிருள்ள நலமான குதிரைக்கு வடஇந்தியச் சமவெளியின் குளிரில் தடித்த போர்வை தேவைப்படுவதில்லை. மெலிந்தவை, முதியவை, நோயுற்றவை, மயிர் கத்தரிக்கப்பட்டவை ஆகியவற்றுக்கே அது வேண்டும். நாம் குளிர்கிறோம் என்பதால் குதிரையும் குளிர்கிறது எனக் கொள்ளுதல் பிழையான கணக்கு.

உள்ளிருந்து வரும் மினுமினுப்பு

பசும்புல்லில் நீர் மிகுதி. கொழுப்புச் சத்து சிறிதளவே. ஆயினும் அக்கொழுப்பில் பெரும்பங்கு ஒமேகா-3 வகையைச் சேர்ந்தது. புல்லை அறுத்து உலர்த்தும்போது இச்சத்து குறைகிறது. உயிர்ச்சத்து ஏ-யாக மாறும் கரோட்டினும், உயிர்ச்சத்து ஈ-யும் நாள்செல்லச் செல்ல அழிகின்றன. குளிர்காலத்தின் பிற்பகுதியில் மயிர் மங்குவதன் மறைபொருள் இதுவே.

மேலைநாட்டுக் கொட்டில்களில் இக்குறையை ஈடுசெய்யக் குளிர்காலத்தில் ஆளி விதையைக் கொதிக்க வைத்துத் தவிட்டுடன் கலந்து ஊட்டுவது பழைய வழக்கம். ஆளி விதையில் ஒமேகா-3 மிகுந்துள்ளது. அதனை வெறும் நீரில் ஊறவைத்துக் கொடுத்தல் கூடாது. ஊறும்போது விதையிலுள்ள நொதி செயற்பட்டுச் சயனைடு நச்சு வெளிப்படக்கூடும். நன்றாகக் கொதிக்க வைப்பது அந்நொதியை அழித்துவிடும். தாவர எண்ணெயை உணவில் சேர்ப்பதானால், சிறிதளவில் தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாக உயர்த்த வேண்டும். மயிர் முழுவதும் புரதத்தால் ஆனது என்பதால், நல்ல புரதமும் துத்தநாகமும் தாமிரமும் உணவில் குறையாதிருத்தல் வேண்டும். நம் ஊர்களில் குதிரைக்குரியதென அறியப்பட்ட கொள்ளு, புரதம் மிகுந்த தானியமே.

> தெரிந்து தெளிவோம்
> குதிரைக்குப் பித்தப்பை இல்லை. கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் சேமிக்கப்படாமல் ஓயாது சிறுகுடலுக்குச் சென்றுகொண்டே இருக்கிறது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேயும் விலங்கிற்கு இந்த ஏற்பாடு பொருத்தமானது.

உணவின் பெரும்பகுதி எப்போதும் புல்லாகவே இருத்தல் வேண்டும். 500 கிலோகிராம் எடையுள்ள குதிரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 கிலோகிராம் வரை உலர்புல் தின்னும். அந்நார் பெருங்குடலில் நொதிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. ஆதலால் குளிர் மிகுந்த இரவில் ஒரு கட்டுப் புல்லைக் கூடுதலாக இடுதல், ஒரு போர்வையைக் கூடுதலாக இடுவதினும் சிறந்தது. தண்ணீரைச் சற்று வெதுவெதுப்பாக வைத்தால் குதிரை விரும்பிக் குடிக்கும். நாளுக்கு ஓரிரு மேசைக்கரண்டி உப்பு வேட்கையைத் தூண்டும். குளிர்காலத்தில் நீர் குறைந்தால் தோல் வறள்வதோடு நில்லாது, குடலில் உணவு இறுகி உயிருக்கே இடர் நேரும்.

தமிழகத்திற்கும் குதிரைப் பராமரிப்புக்கும் இடையே ஒரு பழைய கணக்கு உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுத் துறைமுகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்படுவதை எழுதியுள்ளார். அவற்றைப் பேணத் தெரிந்தோர் இங்கு இல்லை என்றும், சோற்றோடு இறைச்சியைச் சமைத்து அவற்றுக்கு ஊட்டினர் என்றும், அதனால் குதிரைகள் விரைவில் மடிந்தன என்றும் அவர் குறிப்பிடுகிறார். அயலவரின் கூற்றில் மிகை இருக்கலாம். ஆயினும் வெப்பம் மிகுந்த கரையில் வந்திறங்கிய அக்குதிரைகளுக்குப் பொன்னை அள்ளிக் கொடுத்த நாடு, புல்லைப் பற்றிக் கேட்டறிய மறந்தது என்னும் எண்ணத்தைத் தவிர்க்க முடிவதில்லை.

மருந்து தேவைப்படும்போது

முறையான தேய்ப்பும் உணவும் தந்து சில வாரங்கள் கடந்தும் பொடுகு குறையாவிட்டாலோ, புண், வீக்கம், மயிருதிர்தல் ஆகியவை தோன்றினாலோ கால்நடை மருத்துவரை நாடுதல் வேண்டும். அவர் ஒட்டுநாடாவைத் தோலில் ஒற்றியும், சிறிதளவு செதிலைச் சுரண்டியும், சில மயிர்களைப் பிடுங்கியும் நுண்ணோக்கியில் காண்பார். பேனும் பூஞ்சையும் ஒரே தோற்றமுள்ள பொடுகைத் தரக்கூடும். ஆனால் ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

செதில்கள் தடித்துப் படிந்திருந்தால் சாலிசிலிக் அமிலமும் கந்தகமும் கலந்த ஷாம்புவை மருத்துவர் பரிந்துரைப்பதுண்டு. பாக்டீரியாத் தொற்று இருப்பின் குளோர்ஹெக்சிடின் கலந்ததைத் தருவார். இத்தகைய மருந்தைப் பூசியவுடன் கழுவிவிட்டால் பயனில்லை. ஏறத்தாழ 10 நிமிடங்கள் தோலில் தங்கவிட்ட பின்னரே அலச வேண்டும். சில இடங்களில் மண்ணெண்ணெயையும், வண்டிகளிலிருந்து வடித்த பழைய இயந்திர எண்ணெயையும் சொறிக்குப் பூசும் வழக்கம் நிலவுகிறது. இவை தோலைப் பொசுக்குவதோடு, குதிரை தன்னை நக்கும்போது உடலுக்குள்ளும் நஞ்சாகச் செல்கின்றன. மலிவானவை என்பதன்றி இவற்றுக்கு வேறு சிறப்பு எதுவுமில்லை.

தோலின் மருத்துவத்தில் விரைவை எதிர்பார்த்தல் கூடாது. புதிய செல் தோன்றி மேலேறி உதிரவே சில வாரங்கள் ஆகின்றன. இன்று தொடங்கிய உணவு மாற்றம், இன்று முளைக்கும் மயிரில்தான் தெரியும். முன்பே வளர்ந்து நிற்கும் மயிரை அது மாற்றாது. தை மாதம் கழிந்து பகற்பொழுது நீண்டுவருகையில், குளிர் இன்னும் முழுவதும் விலகாதபோதே, பழைய மயிர் கற்றை கற்றையாக உதிரும். அவ்வமயம் தூரிகையில் மயிரோடு வெண்செதில்களும் சேர்ந்து வரும். குதிரை மரத்தில் உரசிக்கொள்ளும். அரிப்பில்லாத இடத்தில் புண்ணின்றி, உடலெங்கும் சமமாக நிகழும் இவ்வுதிர்வுக்கு மருந்து வேண்டுவதில்லை. ரப்பர்த் தேய்ப்பானோடு இன்னும் சில நிமிடங்கள் கூடுதலாக நின்றால் போதும். பழைய மயிருக்கு அடியில் குறுமயிர் ஒட்டி மின்னுகிறதா என்பதைப் பணியாளர் அப்போது பார்ப்பார்.